லேப்டாப்புக்கு எந்த எஸ்எஸ்டி: சாட்டாவா, என்விஎம்இயா?

லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக, அதைவிட வேகமான சேமிப்புச் சாதனமான எஸ்எஸ்டி போடுவது என்று முடிவு செய்தபிறகும், 2.5 இன்ச் சாட்டாவா (ஹார்ட் டிஸ்க் பயன்படுத்தும் அதே பழைய இணைப்பு) எம்.2 என்விஎம்இயா (மெல்லிய பட்டை வடிவில் வரும், வேகம் கூடிய புது வகை) என்ற இடத்தில்தான் பலரும் குழம்பி நிற்கிறார்கள்.

வேகம்: சாட்டா நொடிக்குச் சுமார் 550 எம்பி, அதற்கு மேல் அந்த இணைப்பே விடாது.
என்விஎம்இயில் மூன்றாம் தலைமுறையே 3,500 எம்பி வரை போகும். ஆனால் ஹார்ட் டிஸ்கிலிருந்து மாறுபவருக்குச் சாட்டாவே பெரிய விடுதலை; பிரவுசர், எக்செல் அளவில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவது கஷ்டம்.

பொருத்துவது: சாட்டா, பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இடத்தில் உட்காரும்.
என்விஎம்இக்கு எம்.2 ஸ்லாட் வேண்டும். இங்கேதான் ஏமாறுகிறார்கள்: எம்.2 என்பது வடிவம் மட்டுமே, சில பழைய லேப்டாப்புகளின் எம்.2 ஸ்லாட் சாட்டாவை மட்டும்தான் ஏற்கும், அதனால் மாடல் எண்ணைத் தேடி மேனுவலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நீளமும் முக்கியம், 2280 என்றால் 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். சாய்வாகச் செருகி, மெதுவாகக் கீழே அழுத்தி, ஒரு ஸ்க்ரூ, அவ்வளவுதான். எதைப் பொருத்தினாலும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

உழைப்பு: உள்ளே இருப்பது இரண்டிலும் ஃபிளாஷ் மெமரிதான். டிபிடபிள்யூ எண்ணையும் (மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்ற கணக்கு) வாரண்டியையும் பாருங்கள். என்விஎம்இ கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும்.

சரி, எம்.2 ஸ்லாட் இல்லாத பழைய லேப்டாப் என்றால் யோசிக்காமல் சாட்டா. ஸ்லாட் என்விஎம்இயை ஏற்குமென்றால் அதையே வாங்குங்கள், வீடியோ எடிட்டிங் செய்பவர் என்றால் கட்டாயம்.