மீர்ஷாம், களிமண், பிரையர்: செதுக்குச் சுங்கான் சேர்ப்பவர் எதில் கை வைக்கலாம்?

தலைப்பாகை, அடர்ந்த தாடி, சற்றே சுருங்கிய கண்கள். சுங்கான் என்பது புகையிலை புகைக்கும் குழாய். செதுக்குச் சுங்கான்களில் மிக அதிகமாகக் கண்ணில் படும் முகம் இதுதான். துருக்கியின் மென்மையான வெள்ளைக் கல்லான மீர்ஷாமில் இவர் சுல்தான். பிரான்சின் காம்பியே தொழிற்சாலைக் களிமண்ணில் ஜேக்கப். பிரையர் மரத்திலும் இதே தாடிக்காரர் உண்டு. மூன்றையும் பக்கத்தில் வைத்து, தாடியை மட்டும் பாருங்கள். மீர்ஷாமில் இழை இழையாகப் பிரிந்து நிற்கும், நடுவே வெளிச்சம்கூட ஊடுருவும். களிமண்ணில் கோடுகள் கூர்மையாக இருக்கும், ஆனால் ஆழம் இராது. பிரையரில் நாலைந்து தடித்த வரிகளோடு நின்றுவிடும். செதுக்குபவரின் திறமை இதில் பாதிதான். மீதியை அந்தப் பொருளே முடிவு செய்துவிடுகிறது.

செதுக்கு நுட்பத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் மீர்ஷாமுக்கு ஈடில்லை. செபியோலைட் என்ற மக்னீசியக் கனிமம் இது. கனிமங்களின் கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் இது 2-ஐ ஒட்டி வரும், நகத்தாலேயே கீறலாம். நுண்துளைகள் நிறைந்திருப்பதால் காய்ந்த கட்டி தண்ணீரில் மிதக்கும். பேர்பெற்ற இருப்பு துருக்கியின் எஸ்கிசெஹிர் பகுதியில். மண்ணிலிருந்து எடுத்த கட்டியை ஊறவைத்தால் சோப்புக்கட்டி போல வெட்டுப்படும். ஈரத்தோடு செதுக்கி, உலர்த்தி, மெருகேற்றி, உருக்கிய தேன்மெழுகில் தோய்த்து எடுப்பார்கள். புகைக்கப் புகைக்க, உள்ளே ஊறும் தாரும் வெளியே இருக்கும் மெழுகும் சேர்ந்து வெள்ளையைத் தேன் நிறமாக்கி, பிறகு அடர்பழுப்பாக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கலையின் தலைநகரம் வியன்னா. வேட்டைக் காட்சி, புராண உருவங்கள், முழுக் குதிரைக் கூட்டம் என்று ஒரே தண்டின்மேல் சிற்பத் தொகுதியே இருக்கும். 1970-களில் துருக்கி வெட்டாத கட்டிகளின் ஏற்றுமதியைத் தடுத்தது. அதற்குப் பின் வந்த நல்ல கட்டி மீர்ஷாம் பெரும்பாலும் துருக்கியக் கைவேலைதான், அதிலும் உயர்ந்த தரம் உண்டு. சிக்கல் எங்கே வருகிறதென்றால், புதிய துருக்கிச் சுங்கானுக்குச் சாயமேற்றிப் பழைய வியன்னா வேலை என்று விற்கும்போது.

இதைப் பிடிக்க மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது நிறம். இயல்பாக ஏறிய நிறம் தண்டிலும் கிண்ணத்தின் அடியிலும் ஆழமாகத் தொடங்கி விளிம்பை நோக்கி வெளிறும். சாயமோ செதுக்கின் பள்ளங்களில் தேங்கி, விளிம்புவரை ஒரே சீராக இருக்கும். இரண்டாவது இணைப்பு. வாய்க்குழலைத் தண்டோடு சேர்க்கும் முளை பழையவற்றில் எலும்பில் புரி வெட்டியதாக இருக்கும். வெள்ளை நைலான் அல்லது டெஃப்லான் முளை இருந்தால் அந்த இணைப்பு அண்மைக் காலத்தது. முளையை மட்டும் யாராவது மாற்றியிருக்கவும் கூடும், ஆகவே இதை வைத்தே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மூன்றாவது வாய்க்குழல். பழைய உயர்தரத் துண்டுகளில் ஆம்பர், அதாவது கல்லாக இறுகிய பழங்கால மரப்பிசின், இருக்கும். குழல் தனியாகக் கழன்று வந்து, உலோகமோ எலும்போ ஒட்டியிராவிட்டால், லிட்டருக்கு 350 கிராம் அளவில் உப்புக் கரைத்த நீரில் இட்டுப் பார்க்கலாம். ஆம்பர் மிதக்கும், பேக்லைட் என்ற பழைய பிளாஸ்டிக் மூழ்கும். சில வகைப் பிளாஸ்டிக்கும் இளம் மரப்பிசினும்கூட மிதக்கும் என்பதால், மூழ்கினால்தான் முடிவு உறுதி, அது ஆம்பர் இல்லை. சூடான ஊசியால் குத்தும் பழைய சோதனை வேண்டவே வேண்டாம். அது தழும்பை விட்டுவிடும், செல்லுலாய்டாக இருந்தால் தீயும் பற்றும்.

சாயத்தைத் தவிர இன்னொரு கண்ணி அழுத்த மீர்ஷாம். செதுக்கும்போது விழும் துகளை அரைத்து, பிசினால் பிணைத்து, அச்சில் அழுத்தியது. முழுக்கட்டியில் பத்து மடங்கு உருப்பெருக்கியின் கீழ் மெல்லிய நரம்புகளும் சிறு புள்ளிகளும் அங்கங்கே தெரியும். அழுத்தியது எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும். நிறமும் சரியாக ஏறாது. இதைப் போலி என்று ஒதுக்க வேண்டியதில்லை, பழையவற்றுக்கும் சேகரிப்பில் இடமுண்டு. முழுக்கட்டியின் விலை கொடுப்பதுதான் தவறு.

மீர்ஷாமுக்கு எதிரி அதன் மென்மையேதான். உடைவது பெரும்பாலும் தண்டும் கிண்ணமும் சேரும் கழுத்தில். தண்டை முளைக்கு வெகு அருகில் பிடித்து, மெதுவாகத் திருகிக் குழலைக் கழற்றுங்கள். கிண்ணத்தைப் பிடித்துத் திருகினால் அழுத்தம் முழுவதும் கழுத்தில் இறங்கும். தண்ணீரில் நனைத்தால் கல் இளகும். சாராயம் பட்டால் மேல்பூச்சு கெடலாம், ஆம்பரும் மங்கலாம். உலர்ந்த மென்தூரிகையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. பழைய தோல் பெட்டியோடு வந்தால் சுங்கானை அதில் வைத்துப் பாருங்கள். வெல்வெட்டுப் பள்ளம் உருவத்தைக் கச்சிதமாகத் தழுவ வேண்டும். இடைவெளி விட்டு ஆடினால் பெட்டி வேறு, சுங்கான் வேறு. அப்படியானால் பெட்டியில் உள்ள கடைப் பெயரும் சுங்கானுக்குச் சான்றாகாது.

களிமண்ணில் செதுக்கு வேலை சுங்கானில் நடப்பதில்லை, உலோக அச்சில் நடக்கிறது. அதனால் இதைச் சிலர் தாழ்வாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரான்சின் ஜிவே நகரில் 1780-இல் தொடங்கிய காம்பியே நிறுவனம் அரசியல்வாதிகள், எழுத்தாளர்கள், விலங்குகள், மண்டையோடு என எத்தனையோ உருவங்களுக்கு அச்சு வெட்டியது. அச்சு வெட்டியவர் கையும் சிற்பியின் கைதான். சேர்ப்பவருக்குப் பெரிய வசதி, தண்டில் பதிந்திருக்கும் நிறுவனப் பெயரும் அச்சு எண்ணும். எண்ணை நிறுவனத்தின் பழைய விலைப்பட்டியலோடு ஒப்பிட்டால் உருவம் யாருடையது என்பதே தெரிந்துவிடும். மீர்ஷாமில் கையொப்பம் அரிது, பெரும்பாலும் பாணியை வைத்து ஊகிக்கத்தான் முடியும்.

இங்கே தரத்தைச் சொல்வது மூக்கும் கண்ணிமையும். அச்சு தேயத் தேயப் பின்னால் வந்த பிரதிகளில் இந்த நுனிகள் மழுங்கும். ஒரே எண்ணில் இரண்டு கிடைத்தால், தண்டு கொஞ்சம் முறிந்திருந்தாலும் கூர்மையான முகத்தையே எடுங்கள். பிற்கால நகல்கள் பலவும் கூழாக்கிய மண்ணைச் சாந்து அச்சில் ஊற்றி எடுத்தவை. முகத்தின் சுவர் மெல்லியதாகவும் எடை குறைவாகவும் இருக்கும், அச்சுச் சேர்க்கைக் கோடும் மழுங்கித் தெரியும். அழுத்தி எடுத்த பழையதில் மண் கெட்டியாக நிறைந்திருக்கும். கறை போகவேண்டும் என்று நெருப்பில் இடும் வழக்கம் ஒன்று உண்டு. கண்ணிலும் தாடியிலும் வண்ண எனாமல் இருந்தால் அது அங்கேயே முடிந்தது, திடீர்ச் சூட்டில் மண்ணும் வெடிக்கும்.

பிரையர், எரிகா ஆர்போரியா என்ற மத்தியதரைக் கடல் புதரின் வேர்முண்டு. மணிக்கணக்கில் வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்திய பிறகே வேலைக்கு வரும். கெட்டியானது, சூட்டைத் தாங்கும், கைதவறி விழுந்தாலும் பெரும்பாலும் தப்பிக்கும். பிரெஞ்சு நகரமான சேன்-குளோத் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இதன் மையம். ஆனால் சிற்பமாகப் பார்த்தால் மூன்றில் கடைசி இடம் இதற்கே. கிண்ணச் சுவர் கொஞ்சமாவது தடித்து நின்றால்தான் எரிந்து ஓட்டை விழாது, அதனால் உளி ஆழமாக இறங்க முடியாது. இயந்திரத்தில் உருக்கொடுத்துக் கையால் முடித்த முகங்களும் ஏராளம். இன்னொன்று, அழகான நேர்வரி உள்ள முண்டை யாரும் செதுக்கி மறைக்க மாட்டார்கள். ஆலை வேலையில் செதுக்கு பல நேரம் மரத்தில் உள்ள குழியை மறைக்கத்தான் வந்திருக்கிறது. பள்ளங்களில் உருப்பெருக்கியை ஓட்டுங்கள். சாயம் ஏறாமல் வெளிறித் தெரியும் புள்ளி, குழியை நிரப்பும் மக்குப் பசை அடைத்த இடம். விதிவிலக்கு, தனிக் கைவினைஞர்கள் மரவரியின் போக்கிலேயே உருவத்தை அமைத்த சுங்கான்கள். அவற்றைக் கண்டால் விடாதீர்கள்.

வல்கனைட் (கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர்) வாய்க்குழல் பச்சைப்பழுப்பாக மாறியிருந்தால் பயப்பட வேண்டாம், ஒளியில் கந்தகம் மேலே வந்திருக்கிறது, அவ்வளவுதான். குழலைத் தேய்த்து மீட்கலாம். தண்டில் உள்ள முத்திரையை மட்டும் தேய்த்துவிடாதீர்கள். வயதைக் கணிக்க அதைவிட நல்ல தடயம் வேறில்லை.

ஜெர்மானியப் பீங்கான் சுங்கான்களின் அழகு ஓவியத்தில் இருக்கிறது, செதுக்கில் அல்ல. எனவே இந்தப் போட்டியில் அவை சேரா.

கல் சுங்கான்கள் தனி உலகம். கனடாவின் ஹைடா மக்கள் கரிய ஆர்ஜிலைட்டில் செதுக்கியவை வியன்னா வேலைக்கு நிகரானவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளியாருக்கு விற்கவே செய்யப்பட்ட அவற்றில் பல புகைக்க உதவாதவை. அமெரிக்காவின் மினசோட்டாவில் கிடைக்கும் செந்நிறக் கல்லான கேட்லினைட் வேறு விஷயம். 1937-இல் தேசிய நினைவிடமான பைப்ஸ்டோன் சுரங்கத்தில் பழங்குடியினர் மட்டுமே அனுமதி பெற்றுக் கல்லெடுக்கலாம். அந்தச் சுங்கான் அவர்களுக்கு வழிபாட்டுப் பொருள், அதை விற்பதையே எதிர்ப்பவர்கள் அவர்களிடையே உண்டு. சடங்கில் பயன்பட்ட பழைய துண்டு சந்தைக்கு வந்தால், எப்படி வந்தது என்ற ஆவணம் இல்லாமல் வாங்காதீர்கள். எந்தச் சுங்கானிலும் யானைத் தந்தப் பூண் இருந்தால், எல்லை தாண்டி வரவழைக்கும் முன், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப்படி இரு நாட்டு அனுமதியும் தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுங்கத்தில் பறிமுதலானால் சுங்கானும் பணமும் சேர்ந்தே போய்விடும்.