செப்புத் தண்டா, மீக்கடத்தித் தண்டா: இணைவு உலைக் காந்தத்துக்கு மின்சாரம் போகும் வழி

புதுச்சேரியில் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் அக்கா மகன், சென்ற மாதம் கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது கேட்டான்: “மாமா, இணைவு உலைக் காந்தத்துக்குக் கரண்ட் கொண்டுபோகச் செப்பையே நல்லா தடியா போட்டா போதாதா?” தன் இறுதியாண்டுச் செயல்திட்டத்துக்காக 200 ஆம்பியர் மீக்கடத்திக் காந்தம் (கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் கம்பியால் சுற்றிய காந்தம்) ஒன்றை அவன் வரைந்துகொண்டிருக்கிறான். போதாது என்பதே விடை. ஆனால் அதன் காரணம், அவன் நினைத்ததுபோல் செப்பின் மின்தடையோடு முடிந்துவிடுவதில்லை.

இணைவு உலை என்பது, அணுக்கருக்களை ஒன்றிணைத்து ஆற்றல் பெற முயலும் உலை. தென் பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஐட்டர் அப்படிப்பட்டது; அதில் பிளாஸ்மாவை, அதாவது மிகச் சூடான மின்னேறிய வாயுவை, வளையத்துக்குள் பிடித்துவைக்கும் 18 டொராய்டல் காந்தச் சுருள்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 68,000 ஆம்பியர் ஓட வேண்டும். கிரைண்டர் செருகும் 16 ஆம்பியர் பிளக்குகள் நாலாயிரத்துக்கு மேல் ஒரே கம்பியில் சேர்ந்ததற்கு அது சமம். சுருள் இருப்பது 4.5 கெல்வின் (சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்) குளிரில், மின்வழங்கி இருப்பதோ அறை வெப்பத்தில். இரண்டையும் இணைக்கும் தண்டைத்தான் பொறியாளர்கள் கரண்ட் லீட் என்கிறார்கள். துறைமுகத்தில் ஐஸ் பெட்டிக்குள் இரும்புக் கரண்டியைப் பாதி வெளியே நீட்டி விட்டுவிட்டால், கரண்டியைச் சுற்றியுள்ள ஐஸ்தான் முதலில் உருகும். இந்தத் தண்டும் அப்படிப்பட்ட ஒரு கரண்டிதான்.

செப்பை மெல்லியதாக்கினால் மின்தடையால் சூடேறும். தடிமனாக்கினால் வெளி வெப்பம் எளிதாக உள்ளே இறங்கும். உலோகத்தில் மின்சாரத்தையும் வெப்பத்தையும் சுமப்பவை ஒரே எலக்ட்ரான்கள் என்பதால், ஒன்றை நன்கு கடத்துவது மற்றொன்றையும் நன்கு கடத்தும். இதை வீடமானும் பிரான்ஸும் 1853 இலேயே கண்டுவிட்டார்கள். எனவே நீளத்தையும் தடிமனையும் எவ்வளவு சீர்ப்படுத்தினாலும், வாயுக் குளிர்ச்சி இல்லாத தண்டு ஆயிரம் ஆம்பியருக்குச் சுமார் 47 வாட் வெப்பத்தைக் குளிர்முனையில் இறக்கியே தீரும். ஐட்டரின் டொராய்டல் சுருள்களுக்கான 18 தண்டுகளுக்கு இதைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 57 கிலோவாட் வருகிறது. அந்த உலையைக் குளிர்விக்கும் மூன்று ஹீலியம் ஆலைகளும் சேர்ந்து 4.5 கெல்வினில் தருவதே 75 கிலோவாட்தான்.

ஆகவே செப்புத் தண்டுக்குள் ஹீலியம் ஆவியை ஏற்றி, மேலே போகும் வழியிலேயே அது வெப்பத்தை வாரிக்கொண்டு போகும்படி செய்தார்கள். வெப்பக் கசிவு ஆயிரம் ஆம்பியருக்குச் சுமார் ஒரு வாட்டாகக் குறைந்தது. இது எளிய, நெடுநாள் பழகிய, பழுது பார்க்க வசதியான ஏற்பாடு. காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ்.எஸ்.டி-1 டோகமாக்கும் (வளைய வடிவ இணைவுக் கருவி) இந்த வகையையே கையாண்டது. ஆனால் தண்டின் உச்சியில் ஆவி வெளிவரும்போது அது அறை வெப்பத்தை எட்டியிருக்கும். அதை மறுபடி திரவமாக்குவது, குளிராகவே திரும்பும் ஆவியைத் திரவமாக்குவதைவிடப் பன்மடங்கு செலவு. ஐட்டரின் 60 தண்டுகளும் சேர்ந்து சுமப்பது ஏறத்தாழ 26 லட்சம் ஆம்பியர். செப்பையே நம்பியிருந்தால் மணிக்கு மூவாயிரத்து எழுநூறு லிட்டர் அளவுக்குத் திரவ ஹீலியம் ஆவியாகியிருக்கும். மின்சாரம் ஓடாதபோதும் அந்தச் செலவில் பாதிக்கு மேல் தொடரும் என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

மின்சாரத்தையும் வெப்பத்தையும் சேர்த்துக் கட்டிவைத்திருக்கும் இந்தப் பிணைப்பை மீக்கடத்தித் தண்டு தளர்த்துகிறது. அதன் கீழ்ப்பகுதி, ஏறத்தாழ 5 கெல்வினிலிருந்து 65 கெல்வின் வரை, பிஸ்மத் சார்ந்த உயர்வெப்பநிலை மீக்கடத்தி (சாதாரண மீக்கடத்திகளைவிடக் கூடிய வெப்பநிலையிலும் மீக்கடத்தும் பொருள்) நாடாக்களால் ஆனது. அங்கே மின்சாரத்தைச் சுமக்கும் எலக்ட்ரான் இணைகள் வெப்பத்தைச் சுமப்பதில்லை. நாடாவின் வெள்ளி உறை வெப்பத்தைக் கடத்திவிடக் கூடாது என்பதற்காக அதில் சிறிது தங்கம் கலக்கிறார்கள். தங்கத்தைச் சேர்த்து ஒரு பொருளின் கடத்துதிறனை வேண்டுமென்றே கெடுப்பதை நம்மூர் நகைக்கடைக்காரரிடம் சொன்னால் சிரிப்பார். மேற்பகுதி செப்பேதான், ஆனால் அதற்கு 50 கெல்வின் ஹீலியம் வாயுவே போதும். செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் பெரும் ஹாட்ரான் மோதுவியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இத்தகைய தண்டுகள், திரவ ஹீலியத்தில் இறங்கும் வெப்பத்தைப் பத்தில் ஒரு பங்காக்கின. ஜெர்மனியின் வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் இணைவுக் கருவியில் அவை வெப்பமுனை கீழே, குளிர்முனை மேலே எனத் தலைகீழாகவே பொருத்தப்பட்டுள்ளன.

செப்புக்கு ஆதரவாக நான் ஏற்கும் வாதம் ஒன்றுதான், அது கோளாறு நேரத்தைப் பற்றியது. 50 கெல்வின் வாயு நின்றுபோனால், மீக்கடத்திப் பகுதியின் மேல்விளிம்பு மெல்லச் சூடேறி, ஒரு கட்டத்தில் மீக்கடத்தும் பண்பையே இழந்துவிடும். அதற்குமுன் சுருள்களில் சேர்ந்திருக்கும் ஆற்றலை வெளியேற்றிவிட வேண்டும்; ஐட்டரின் டொராய்டல் சுருள்களில் மட்டும் அது 41 கிகா ஜூல். ஆகவே மின்னழுத்தக் கண்காணிப்பும், மின்சாரத்தை ஏந்திக்கொள்ளும் எஃகு உருளையும் இல்லாமல் இந்தத் தண்டை வடிவமைக்கவே முடியாது. எந்தத் தண்டானாலும் அதற்கப்பால் உள்ள இணைப்புகளின் மின்காப்பு தனிக் கவலை: ஜப்பானின் ஜேடி-60எஸ்ஏ டோகமாக், 2021 மார்ச்சில் ஒரு சுருளின் முனை இணைப்பில் காப்பு பழுதாகி நின்றது, முதல் பிளாஸ்மாவைக் காண 2023 அக்டோபர் ஆயிற்று.

அக்கா மகனின் காந்தத்துக்கு வருவோம். அவனிடம் திரவ ஹீலியத் தொட்டி இருந்திருந்தால், ஆவி குளிர்விக்கும் இரண்டு செப்புத் தண்டுகளுக்கு மணிக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல்தான் செலவு; அதையே எடுத்துக்கொள் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அவன் வரைபடத்தில் இருப்பது ஆவியே இல்லாத கிரையோகூலர் (திரவ ஹீலியத் தொட்டி இல்லாமலே குளிர்விக்கும் இயந்திரம்). ஆவிக் குளிர்ச்சி இல்லாமல் அந்த இரண்டு செப்புத் தண்டுகளும் இறக்கும் வெப்பம் சுமார் 19 வாட், கூலர் 4 கெல்வினில் தாங்குவதோ ஒன்றரை வாட். 68,000 ஆம்பியருக்கு எது தேவையோ அந்த மீக்கடத்தித் தண்டே அவனுடைய 200 ஆம்பியருக்கும் தேவைப்படுகிறது.