மீயொலியா, ரேடாரா, லேசரா? நீரைத் தொடாமல் நீர்மட்டம் அளக்கும் கருவிகள்

நீர்மட்டம் அளக்க ஒரு கருவியை நீருக்குள் இறக்கினால், நீரின் தொல்லைகள் அத்தனையும் அதன் தலையில் விழுகின்றன. நீரின் அழுத்தத்தை வைத்து மட்டம் கணிக்கும் அழுத்த உணரியின் வாயை வண்டல் மூடுகிறது. பாசி படர்கிறது. மிதவையை வைத்து மட்டம் காட்டும் கரையோரக் கிணற்றுக்கு நீர் வரும் குழாய் சேற்றில் அடைத்துக்கொள்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த வெள்ளத்தை அளப்பதற்காக அதை வைத்தோமோ அந்த வெள்ளமே ஒரு மரக்கட்டையை மோதவிட்டு அதை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. பாலத்திலோ கம்பத்திலோ நின்று மேலிருந்து கீழே பார்க்கும் கருவிகளுக்கு இந்த ஆபத்துகள் இல்லை. ஆனால் அவற்றுள் எதை வாங்குவது என்று வரும்போது, பலரும் விவரத்தாளில் அச்சிட்ட மில்லிமீட்டர் கணக்கை மட்டும் ஒப்பிடுகிறார்கள். அந்தக் கணக்கு ஆய்வகத்தில் எடுத்தது. வெட்டவெளியில் இரண்டு கேள்விகள்தாம் முக்கியம்: கருவிக்கும் நீருக்கும் நடுவிலுள்ள காற்று என்ன செய்கிறது? கருவி பார்க்கும் வட்டத்துக்குள் நீரைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

மீயொலிக் கருவியிலிருந்து தொடங்கலாம். மலிவானது, மின்சாரம் குறைவாகக் குடிப்பது, எங்கும் கிடைப்பது. காதுக்குக் கேட்காத ஒலித்துடிப்பை, பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண்ணில், கீழே அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. அந்த நேரத்தைத் தூரமாக்க ஒலியின் வேகம் தெரிய வேண்டும். சிக்கல் அங்கேதான். 0 பாகை செல்சியஸில் விநாடிக்கு சுமார் 331 மீட்டராக இருக்கும் ஒலிவேகம், ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடுகிறது. அதாவது காற்றின் வெப்பநிலையை ஒரு பாகை தவறாக எடுத்துக்கொண்டால் தூரத்தில் 0.17 சதவீதம் பிழை.

கேட்கச் சிறியதாகத் தோன்றும். ஒரு நண்பகலை எடுத்துப் பாருங்கள். கருவியின் கூடு வெயிலில் காய்ந்து 45 பாகையில் இருக்கிறது. அதற்குள் இருக்கும் வெப்பமானியும் 45 என்றே சொல்கிறது. கீழே நீர்மேல் உள்ள காற்றோ 30 பாகை. ஒலி உண்மையில் போவதைவிட வேகமாகப் போகிறது என்று கருவி கணக்குப் போடுகிறது. நீர் 4 மீட்டர் கீழே இருந்தால், அது இன்னும் 10 சென்டிமீட்டர் தாழ்ந்து கிடப்பதாகப் பதிவாகும். இரவில் கூடு குளிர்ந்ததும் அளவு மறுபடி ஏறிவிடும். வரைபடத்தில் பார்ப்பவருக்கு ஆறு பகலில் இறங்கி இரவில் ஏறுவது போலவே தெரியும். மேலே யாரோ மோட்டார் போட்டு நீர் எடுக்கிறார்கள், கரையோர மரங்கள் உறிஞ்சுகின்றன என்றெல்லாம் விளக்கம் சொல்லத் தோன்றும். அப்படிப்பட்ட தினசரி ஏற்ற இறக்கங்கள் நிஜமாகவே உண்டு என்பதுதான் இதில் உள்ள பெரிய அபாயம். பொய்யான அலையும் உண்மையான அலையும் ஒரே முகத்தோடு வருகின்றன.

இதற்குப் பரிகாரங்கள் உண்டு. கருவிக்குக் கூரை போட்டு நிழல் தரலாம். வெப்பமானியைக் கூட்டுக்கு வெளியே, காற்றோட்டத்தில் தொங்கவிடலாம். தெரிந்த தூரத்தில் ஒரு கம்பியைப் பொருத்தி, அதன் எதிரொலியை வைத்து ஒலிவேகத்தை அவ்வப்போது சரிபார்க்கலாம். ஆனாலும் தூரம் கூடக்கூடப் பிழையும் கூடவே வளரும். பலத்த காற்று ஒலியை ஒதுக்கித் தள்ளும். கொட்டும் மழை கலைத்துவிடும். உணரியின் முகத்தில் பனித்துளி நின்றால் எதிரொலி மங்கும். இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில், நிழலுள்ள வாய்க்காலில், செலவு கட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் மீயொலி நன்றாகவே உழைக்கும். அதைத் தாண்டி அதை நம்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ரேடார் இந்தத் தொல்லையை அடியோடு ஒழிக்கிறது. மைக்ரோவேவ் அலைகள் ஒளிவேகத்தில் போகின்றன. காற்றில் அந்த வேகம் வெற்றிடத்தைவிட 0.03 சதவீதம்தான் குறைவு. வெப்பமும் ஈரப்பதமும் மாறினாலும் 10 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் பிசகும். இதற்கு மாற்றாகக் கருவி கடினமான ஒரு வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது: நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் மாறினால் அலை போய்வரும் நேரம் 67 பிகோவிநாடி மாறும், அதாவது ஒரு விநாடியை லட்சம் கோடியாகப் பிரித்ததில் 67 பங்கு. இதை நேரடியாக அளக்க முயலாமல், அதிர்வெண்ணைச் சீராக ஏற்றிக்கொண்டே அனுப்பி, போன அலைக்கும் வந்த அலைக்கும் உள்ள அதிர்வெண் வேறுபாட்டிலிருந்து தூரம் கணிப்பது இன்று பரவலான முறை. அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிர்வாக அமைப்பான நோவா, தன் கடல்மட்ட நிலையங்களில் ஒலிக் கருவிகளை எடுத்துவிட்டு மைக்ரோவேவ் ரேடாருக்கு மாறிவருகிறது. பல ஆண்டுப் பதிவுகளைக் கையாளும் ஓர் அமைப்பே இப்படி மாறுவதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ரேடாருக்குள்ளேயே ஒரு போட்டி இருக்கிறது: 26 கிகாஹெர்ட்ஸா, 80 கிகாஹெர்ட்ஸா? அதிர்வெண் கூடினால் கற்றை குறுகும். 8 சென்டிமீட்டர் அகல ஆன்டெனாவுக்கு 26இல் கற்றை சுமார் 10 பாகை விரியும். 80இல் சுமார் 3 பாகைதான். 10 மீட்டர் கீழே முதலாவது ஏறக்குறைய ஒன்றே முக்கால் மீட்டர் அகல வட்டத்தைப் பார்க்கும், இரண்டாவது அரை மீட்டரைத்தான் பார்க்கும். பாலத் தூண், கரைச் சுவர், புதர் எதுவும் அந்த வட்டத்துக்குள் வராமல் வைக்கக் குறுகிய கற்றை பெரிய வசதி. ஆனால் அசையாத நீர் கண்ணாடி போல அலையைத் திருப்புவதால், கம்பம் இரண்டு பாகை சாய்ந்தாலே குறுகிய கற்றையின் எதிரொலி வேறு பக்கம் போய்விடும். அகன்ற கற்றை அந்தச் சாய்வைப் பொறுத்துக்கொள்ளும்.

80 கிகாஹெர்ட்ஸை மழை விழுங்கிவிடும் என்ற அச்சம் ஓரளவு மிகை. மணிக்கு 100 மில்லிமீட்டர் கொட்டும் மழையில் அலையின் வலிமை இழப்பு கிலோமீட்டருக்கு 30 டெசிபெல் (அந்த இழப்பை அளக்கும் அலகு) அளவில் இருக்கும். போகவும் வரவும் சேர்த்து 20 மீட்டருக்கு அது வெறும் 0.6 டெசிபெல். உண்மையான எதிரி ஆன்டெனாவில் ஒட்டும் நீர்த்துளியும், கூம்பு வடிவ ஆன்டெனாவுக்குள் வலை பின்னும் சிலந்தியும்தான். தட்டையான முகமுள்ள ஆன்டெனா இரண்டையும் வெகுவாகத் தவிர்க்கிறது. வாங்குமுன் ஒன்று பார்த்துவிடுங்கள்: வெட்டவெளியில் எந்த அலைவரிசைக்கு அனுமதி உண்டு என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

லேசரின் குணம் விசித்திரமானது. நேர்க்குத்தாக விழும் ஒளியில் நீரின் மேற்பரப்பு திருப்புவது சுமார் 2 சதவீதம்தான். மீதி உள்ளே போகிறது. தெளிந்த நீரில் சில சமயம் படுகையிலுள்ள கல்லையே நீர்மட்டமாகக் காட்டிவிடும். வெள்ளம் வந்து நீர் கலங்கியதும் துல்லியமாகிவிடும்! மூடுபனியும் அதற்கு ஆகாது. கற்றை மிக மெல்லியது என்பதால், குறுகலான ஆழ்ந்த தண்டுக்கிணறு போன்ற இடங்களில் மட்டும் அதைப் பரிசீலிக்கலாம்.

கேமராவை முதன்மை அளவிக்குப் பதிலாக வைக்காமல் சாட்சியாக வைக்கச் சொல்வேன். அளவுகோல் தெரியும்படி எடுத்த ஒரு படம், ரேடார் நள்ளிரவில் காட்டிய திடீர் உயர்வு வெள்ளமா, அடியில் சிக்கிய மரக்கிளையா என்பதை ஒரே பார்வையில் தீர்த்துவிடும்.

இடத்தைப் பொறுத்தும் தராசு சாயும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் துல்லிய அளவு 0.01 அடி, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், அல்லது நீர்மட்டத்தில் 0.2 சதவீதம், இரண்டில் பெரியது எதுவோ அது. சிற்றோடையில் இந்தக் கண்டிப்பு தேவைதான். வி வடிவ வெட்டுள்ள தடுப்பணையில் நீரோட்டம் உயரத்தின் 2.5ஆம் அடுக்குக்கு ஏற்ப ஏறுகிறது, அதாவது உயரம் ஒரு சதவீதம் கூடினால் ஓட்டம் சுமார் 2.5 சதவீதம் கூடும். அங்கே 20 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் தவறினால் ஓட்டக் கணக்கு 13 சதவீதம் தவறும். ஓடை சிறியது, மலிவான கருவி போதும் என்ற எண்ணம் இந்த இடத்தில் தலைகீழ். நீர்த்தேக்கத்திலும் சென்டிமீட்டருக்கு மதிப்பு உண்டு: 10 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஒரு லட்சம் கன மீட்டர் நீர். ஆனால் அங்கே முதலில் கவனிக்க வேண்டியது தூரம். அணை நிரம்பியிருக்கும்போது 3 மீட்டர் கீழே உள்ள நீர், வறட்சியில் 30 மீட்டருக்கும் கீழே போகலாம். மீயொலி அப்போதே விலகிவிடும். அணையின் உட்சுவர் சரிவாக இருந்தால் மேலிருந்து பார்க்கும் எந்தக் கற்றையும் சுவரைத்தான் தொடும். நீர் எடுக்கும் கோபுரத்தின் செங்குத்துப் பக்கம் கிடைத்தால் 80 கிகாஹெர்ட்ஸ் ரேடார், கிடைக்காவிட்டால் மறுபடி நீருக்குள் இறங்கும் அழுத்த உணரியே கதி.

பாலத்தில் பொருத்துபவர்கள் தூணிலிருந்து நன்றாகத் தள்ளிப் பொருத்த வேண்டும். வெள்ளத்தில் தூணின் முன்னே நீர் குவிந்து பின்னே தாழும். ஒற்றை அளவை எடுக்காமல் அரை நிமிடமாவது தொடர்ந்து எடுத்துச் சராசரி பார்த்தால் அலைகள் கழிந்துவிடும். 10 மீட்டர் எஃகுக் கம்பம் 20 பாகை வெப்பமாற்றத்தில் 2.4 மில்லிமீட்டர் நீளும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 3 மில்லிமீட்டர் துல்லியத்தில் பெரும்பங்கை அதுவே தின்றுவிடும். கோடையில் ஓடை வற்றினால் கருவி மணலையும், அதில் முளைக்கும் புல்லையும் நீர்மட்டமாகப் பதிவு செய்யும். எனவே படுகையின் உயரத்தை ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்பு மறுபடி அளந்து, அந்த உயரத்திலும் அதற்குக் கீழும் வரும் அளவுகளை ‘நீர் இல்லை’ என்று குறிக்கும்படி பதிவுக் கருவியில் அமைத்துவிட வேண்டும்.