பின் கியர் மந்தமா? திருகு, கம்பி, ஹேங்கர், புது டீரெய்லர்: எதில் முதலில் கைவைப்பது

ரோடு சைக்கிளில் பின் கியர் மந்தமானதும் பெரும்பாலோரின் கை போவது, டீரெய்லருக்குள் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் பாகம்) கம்பி நுழையும் இடத்திலிருக்கும் சரிசெய் திருகுக்குத்தான். ஸ்பேனர் வேண்டாம், விரல் போதும். கால் சுற்று சுற்றினாலே ஏதோ ஒரு மாற்றம் தெரியும். மாற்றம் தெரிவதால் கோளாறு அங்கேதான் என்று நம்பிவிடுகிறோம். நெடுநாள் ஓடிய சைக்கிளாக இருந்து, அது எங்கும் விழவும் இல்லையென்றால், கம்பியையும் அது உள்ளே ஓடும் உறையையும் சேர்த்து மாற்றுவதே முதல் வழி என்பது என் உறுதியான கருத்து. மற்ற வழிகள் அதோடு போட்டியிட்டு வெல்ல வேண்டும். சில சமயம் வெல்லவும் செய்கின்றன.

எது வெல்லும் என்பதைத் தீர்மானிப்பது ஒரே கேள்வி: மந்தம் எந்தப் பக்கம்? பெரிய பல்சக்கரத்துக்கு ஏறும்போது கம்பியை இழுப்பது உங்கள் விரல். சிறிய பல்சக்கரத்துக்கு இறங்கும்போது விரலுக்கு வேலையில்லை. லீவர் கம்பியை விடுவிக்கிறது, டீரெய்லரின் ஸ்பிரிங் தன் பலத்தில் அதை இழுத்துக்கொள்கிறது. உறைக்குள் அழுக்கோ துருவோ இருந்தால் விரல் அதை மீறிவிடும், ஸ்பிரிங்கால் முடியாது. ஏறுவது மட்டும் தாமதம் என்றால் கம்பியில் இழுவிசை போதவில்லை. இறங்குவது தாமதம் என்றால் இழுவிசை அதிகமாக இருக்கலாம், அல்லது உராய்வு.

இந்த இரண்டையும் பிரித்தறியத்தான் திருகு உண்மையில் உதவுகிறது. பின்னாலிருந்து பார்த்து இடப்பக்கமாகச் சுற்றினால் இழுவிசை கூடும், வலப்பக்கமாகச் சுற்றினால் குறையும். கால் சுற்று, சோதனை, மறுபடி கால் சுற்று என்று போங்கள். ஏறுவதும் இறங்குவதும் சரியாக அமையும் ஒரு நிலை கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது. இறங்குவதைச் சரிசெய்தால் ஏறுவது கெடுகிறது, ஏறுவதைச் சரிசெய்தால் இறங்குவது கெடுகிறது என்றால் திருகை விட்டுவிடுங்கள். கோளாறு உராய்வில் இருக்கிறது. புதுக் கம்பி போட்ட சில நாட்களில் வரும் தளர்வுக்குத் திருகைவிடச் சிறந்த மருந்து இல்லை. உறையின் முனைகள் தத்தம் இடத்தில் அழுந்தி உட்காருவதால் வரும் தளர்வு அது. டீரெய்லரிலிருக்கும் இரண்டு எல்லைத் திருகுகளை மட்டும் இதற்காகத் தொடாதீர்கள். செயின் இரு ஓரங்களிலும் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் கட்டுப்படுத்துவதே அவற்றின் வேலை. நடுவிலுள்ள கியர்களோடு அவற்றுக்குத் தொடர்பில்லை.

கம்பியின் நிலையைக் கழற்றாமலேயே பார்க்கலாம். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பெடலைச் சுற்றிச் செயினைப் பெரிய பல்சக்கரத்தில் ஏற்றுங்கள். பெடலை நிறுத்திவிட்டு, லீவரை மட்டும் கடைசி வரை கிளிக் கிளிக்கென்று இறக்குங்கள். கம்பி தொளதொளவென்று தளரும். கம்பி சட்டத்துக்கு வெளியே ஓடும் சைக்கிளில், பிளவுள்ள தாங்கிகளிலிருந்து உறையை அப்படியே உருவி நகர்த்தலாம். டீரெய்லருக்குள் வளைந்து நுழையும் அந்தக் கடைசித் துண்டு உறையை நகர்த்திப் பாருங்கள். கம்பியில் அந்த இடத்தில் மட்டும் பழுப்பேறியிருக்கும். நகத்தால் வருடினால் சொரசொரக்கும். சக்கரம் வாரியடிக்கும் சேறும் நீரும் சேருவது அங்கேதான்.

எண்ணெய் விட்டால் போதாதா? சில நாட்களுக்குப் போதும். பிறகு அதே எண்ணெய் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கம்பியை மட்டும் மாற்றுவதும் பாதி வேலைதான். உறையின் உள்பூச்சு தேய்ந்திருந்தால் புதுக் கம்பியும் அதிலேயே உரசும். சேர்த்தே மாற்றுங்கள். கியர் கம்பி பெரும்பாலும் 1.2 மி.மீ., உறை 4 மி.மீ. பிரேக் உறை கையிலிருக்கிறதே என்று அதைப் போடக் கூடாது. சுருள் கம்பியால் ஆன அது அழுத்தத்தில் சற்றே சுருங்கும், அதனால் கியர் ஒவ்வொன்றும் இடம் தவறும். கியர் உறையில் கம்பிகள் நீளவாக்கில் ஓடுவதால் அது சுருங்காது. வெட்டிய முனை சப்பையாகிவிட்டால் ஊசியால் துளையைத் திறந்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டதாலேயே புதுக் கம்பியும் மந்தமாக ஓடுவதுண்டு.

மாற்றும்போது ஷிஃப்டருக்குள்ளும், அதாவது கியர் லீவர் இருக்கும் பாகத்துக்குள்ளும் பாருங்கள். கம்பியின் தலைக்கருகில் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருந்தால் கியர் திடீரென மோசமாகும். முழுதும் அறுந்தால் தலை உள்ளேயே சிக்கிக்கொள்ளும், அதை எடுப்பது பெரும்பாடு. தள்ளிப்போடக் கூடாத நிலை இது.

சைக்கிள் வலப்பக்கம் விழுந்திருந்தாலோ, அந்தப் பக்கம் இடி வாங்கியிருந்தாலோ வரிசை மாறும். அப்போது முதலில் பார்க்க வேண்டியது ஹேங்கர், அதாவது டீரெய்லரைத் தாங்கும் சிறு அலுமினியத் துண்டு. சட்டத்தைக் காப்பாற்றத் தான் வளையும்படி மென்மையாகவே செய்யப்பட்டது அது. எட்டு வேக கேசட்டில் (பின்சக்கரத்திலிருக்கும் பல்சக்கர அடுக்கு) பல்சக்கரங்களுக்கிடையே 4.8 மி.மீ. இருந்தது, பதினொரு வேகத்தில் அது சுமார் 3.7 மி.மீ. பழைய சைக்கிள் பொறுத்துக்கொண்ட வளைவைப் புதியது பொறுக்காது. சில கியர்கள் நன்றாகவும் சில சத்தத்தோடும் ஓடினால் சந்தேகம் இங்கேதான். பின்னாலிருந்து பாருங்கள்: டீரெய்லரின் இரு சிறு சக்கரங்களும் பல்சக்கரத்தோடு ஒரே தளத்தில் நிற்க வேண்டும். கண் போதாதபோது, ஹேங்கரின் துளையில் திருகி ரிம்மின் நான்கு இடங்களில் இடைவெளியை ஒப்பிடும் அளவுகோல் இருக்கிறது. புது ஹேங்கரும் நேராக இருக்கும் என்று நம்பிவிடாமல், மாட்டியதும் அளந்துவிடுங்கள்.

தேய்ந்த செயினும் பக்கவாட்டில் தளர்ந்து கியர் மாறுவதைச் சோம்பலாக்கும். 24 கண்ணிகள் 304.8 மி.மீ. இருக்க வேண்டும். பதினொரு வேகச் செயினில் அது 306.3 மி.மீ. அளவுக்கு நீண்டுவிட்டால் மாற்றிவிடலாம்.

புது டீரெய்லர்? மூட்டுகளில் ஆட்டம் விழுந்திருந்தால் மட்டும். நான் இதை எப்போதும் கடைசியில்தான் வைப்பேன்; பழைய உறையோடு மாட்டிய புது டீரெய்லர் பழையதைப் போலவே நடந்துகொள்ளும்.

கம்பிக்குப் பதில் சிறு மோட்டாரால் டீரெய்லரை நகர்த்தும் மின்னணு கியரின் வாதம் வலுவானது. ஷிமானோவின் டிஐ2 2009-லும் ஸ்ராமின் கம்பியில்லா ஈடாப் 2015-லும் வந்தன. இழுக்கும் கம்பியே இல்லாததால் உராய்வும் இல்லை. கம்பிகள் கைப்பிடிக்குள்ளும் சட்டத்துக்குள்ளும் கடும் வளைவுகளோடு ஓடும் இன்றைய சைக்கிள்களில் இது உண்மையான நன்மை. அங்கே கம்பி மாற்றுவது பல மணி நேர வேலை. ஆனால் ஷிஃப்டர், டீரெய்லர், பேட்டரி அனைத்தையும் வாங்க வேண்டும். வளைந்த ஹேங்கர் அதையும் அதே அளவுக்குக் கெடுக்கும். வேறு காரணத்துக்காக எப்படியும் மாறப்போகிறீர்கள் என்றால் மாறுங்கள். மந்தத்தைப் போக்குவதற்காக மட்டும் என்றால், புது உறையும் கம்பியும் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.