ரென்ட் ஃபோல்டருக்குள் போன பேரென்ட்ஸ் மீட்டிங்

போன வாரம் மச்சான் கேட்டான்: "பிரவுசர்லயே மெயில் பார்த்து அலுத்துப்போச்சு, நீ வச்சிருக்கியே, அந்த சாஃப்ட்வேரைப் போடலாமா?" சட்டென்று பதில் வரவில்லை.

ஒன்பது வருஷமாக வீட்டுக் கணினியில் அதுதான். பெயர் வேண்டாம். இலவசம். மூன்று அக்கவுண்ட்டும் ஒரே இடத்தில். நெட் இல்லாவிட்டாலும் பழைய மெயிலை நொடியில் தேடித் தரும். தேடலுக்கு நூற்றுக்கு நூறு.

ஆனால் இந்த வருஷம் இரண்டு மாதம் என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே! காலையில் பஸ்ஸில் போகும்போது போனில் தலைப்பைப் பார்ப்பேன், சாயங்காலம் படிக்கலாம் என்று விடுவேன். சாயங்காலம் அது இன்பாக்ஸில் இருக்காது. ஸ்பாமில் இல்லை, டிராஷிலும் இல்லை. மெயில் சேவைக்காரர்களிடம் இரண்டு முறை புகார் செய்தேன். பாஸ்வேர்டை மாற்றினேன். யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று மனைவியை வேறு பயமுறுத்தினேன்.

ஊருக்குப் போயிருந்த ஒரு வாரம் மட்டும் ஒன்றும் தொலையவில்லை. அப்போதுதான் பொறி தட்டியது. அந்த வாரம் வீட்டுக் கணினியை யாரும் போடவில்லை.

மெயிலைத் தானாகப் பிரித்துப்போடும் ஃபில்டர்கள் என்ன செய்தன என்று குறித்துவைக்கும் பதிவேடு உண்டு, ஃபில்டர் லாக் (log). அதைத் திறந்தால் வெறுமை. அதை நாமே இயக்கினால்தான் எழுதுமாம். இயக்கிவிட்டு ஒரு நாள் காத்திருந்தேன். திருடன் நான்தான். மாடி போர்ஷன் வாடகை விவரம் தனியாகச் சேரட்டும் என்று என்றைக்கோ ஒரு ஃபில்டர் போட்டிருக்கிறேன்: தலைப்பில் 'ரென்ட்' இருந்தால் அந்த ஃபோல்டருக்கு அனுப்பு. 'கன்டெய்ன்ஸ்' என்று கொடுத்தால் முழுச்சொல்லா, சொல்லின் வாலா என்றெல்லாம் பார்க்காது. கரென்ட் அக்கவுண்ட் ஸ்டேட்மென்ட், பள்ளியின் பேரென்ட்ஸ் மீட்டிங், எல்லாம் வாடகைக் கணக்கில். அந்த ஃபோல்டரோ இன்னொன்றுக்குள் மூடிக் கிடந்தது.

முன்பு, மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப்3 முறையில் இருந்தபோது இந்தக் கூத்து வீட்டுக் கணினியோடு முடிந்திருக்கும். மெயிலைச் சர்வரிலேயே வைத்து எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி காட்டும் ஐமேப்புக்கு மாறிய பிறகு, இங்கே நகர்ந்தால் சர்வரிலும் நகர்கிறது, போனிலும் காணோம். காலை பத்து மணிக்கு மனைவி கணினியைப் போட, இதுவும் தானாகத் திறந்து தன் வேலையைக் காட்டியிருக்கிறது.

இப்போது தலைப்பை விட்டுவிட்டு, அனுப்புநர் முகவரி 'இஸ்' (அப்படியே இருந்தால் மட்டும்) என்று முழுதாகக் கொடுத்துவிட்டேன். சரியாகிவிட்டது. தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் ஒரு மெயிலை நகர்த்தினால் ஓரமாக ஒரு வரி சொல்லக் கூடாதா? லாக்கை ஏன் அணைத்தே வைத்திருக்க வேண்டும்? பேரென்ட்ஸ் மீட்டிங்குக்குப் போகாமல் டீச்சரிடம் அசடு வழிந்தது நான்தானே.

மச்சானிடம் "வேண்டாம்டா, பிரவுசரே போதும்" என்று சொல்லிவிட்டேன். நேற்று புது லேப்டாப் வந்தது. முதலில் இதைத்தான் ஏற்றினேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.