விம்கோ நகருக்கு வடக்கே: மெட்ரோவா, லோக்கல் வண்டியா?

வட சென்னையில் விம்கோ நகர் பணிமனையோடு மெட்ரோ நின்றுவிடுகிறது. அங்கிருந்து எண்ணூர் ரயில் நிலையம் சில கிலோமீட்டர்தான். கத்திவாக்கத்தில் டீக்கடையில் உட்கார்ந்தால் கால் மணி நேரத்துக்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "மெட்ரோ நம்ம பக்கம் எப்போப்பா வரும்?" பக்கத்திலேயே வேறொருவர், "இருக்கிற கும்மிடிப்பூண்டி வண்டிய ஒழுங்கா விடச் சொல்லு, அது போதும்" என்பார். ராயபுரம் பக்கம் போனால் கோரிக்கை வேறு: நெல்லைக்கும் மதுரைக்கும் போகும் வண்டிகள் ராயபுரத்திலிருந்து கிளம்ப வேண்டும். மணலிக்காரர்களோ, எங்களுக்குப் பயணிகள் ரயிலே இல்லையே என்கிறார்கள்.

நான்கும் நியாயமான கோரிக்கைகள். ஆனால் நான்குக்கும் ஒரே நேரத்தில் பணம் வராது. எது முதலில் என்பதைப் பணம், நேரம், டிக்கெட் விலை, ஏறுகிற ஆள் இவற்றை வைத்துப் பார்க்க வேண்டும். என் முடிவு லோக்கல் வண்டி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒன்று. வட சென்னைக்கு ரயிலே இல்லை என்று பேசுவது சரியில்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் கிளம்பியதே ராயபுரத்திலிருந்து, வாலாஜா ரோடு நோக்கி. சென்ட்ரல் வந்தது 1873இல். இன்றைக்கும் ஊரின் வண்டிகளைக் கழுவுவது பேசின் பிரிட்ஜில். சரக்கு வண்டிகளைப் பிரித்துக் கோப்பது தண்டையார்பேட்டை யார்டில். கொருக்குப்பேட்டை, சால்ட் கொட்டாய் இரண்டும் சரக்கு இறங்கும் இடங்கள். மணலிக்குள்ளும் தண்டவாளம் போகிறது, ஆனால் அதில் போவது சரக்கு மட்டும். பெரம்பூரை ஒட்டிய இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை 1955 முதல் நாட்டுக்கே பெட்டி செய்து அனுப்புகிறது. ரயிலின் பாரத்தையும் சத்தத்தையும் கரித்தூளையும் மூடிய கேட்டையும் சுமப்பது வடக்கு. ஆள் ஏறிப் போகிற ரயில் மட்டும் கடைசியாகத்தான் இங்கே வரும்.

வரிசையைப் பாருங்கள். சென்னை பீச் – தாம்பரம் மின்சார ரயில் 1931இல். கும்மிடிப்பூண்டிப் பாதையில் புறநகர் மின்சார வண்டி வர 1970களின் கடைசி ஆனது. பறக்கும் ரயில் பீச்சிலிருந்து தெற்கே திரும்பி 1997இல் மயிலாப்பூரையும் 2007இல் வேளச்சேரியையும் தொட்டது. மெட்ரோ 2015இல் கோயம்பேடு – ஆலந்தூரில் ஓடத் தொடங்கி, 2016இல் விமான நிலையம் போய்ச் சேர்ந்தது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகருக்கு வர 2021 பிப்ரவரி ஆயிற்று. 2025 ஏப்ரலில் வந்த முதல் ஏசி லோக்கல் ரயிலும் நம் தொழிற்சாலையில் செய்ததுதான். அது ஓடியது பீச் – செங்கல்பட்டுப் பாதையில்.

மெட்ரோ என்ன தரும், யாருக்குத் தரும்

வண்ணாரப்பேட்டை – விம்கோ நகர் நீட்டிப்பு 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல். செலவு 3,770 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 416 கோடி வாக்கில் வருகிறது. இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி, அதாவது கிலோமீட்டருக்குச் சுமார் 532 கோடி. அதில் சுரங்கம் நிறைய உண்டு. தூண் மேல் ஓடும் பாதை மட்டும் என்றால் குறையும். எண்ணூர் வரையிலான பாதையை 6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதற்கு 2,500 முதல் 3,200 கோடி வரை எடுத்து வைக்க வேண்டும்.

இந்தப் பணம் வீணாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டி ஓட்டிய பெண்கள் பலர் இன்று தேரடியிலும் காலடிப்பேட்டையிலும் மெட்ரோ ஏறுகிறார்கள். லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் போகாமல் வேலைக்குப் போய் வருவது சின்ன விஷயம் இல்லை. இரவு ஒன்பதரைக்கு வெளிச்சமான நிலையத்தில் இறங்கலாம். லிப்ட் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது. கிண்டிப் பக்கம் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும் பையன் வண்டி மாறாமல் போய்ச் சேர்கிறான். வட சென்னைப் பிள்ளைகளுக்குக் கிண்டியில் வேலை கிடைப்பதே பெரும்பாடு. முகவரியைப் பார்த்துக் குரல் மாறுகிற நேர்காணல் அறைகளைத் தாண்டி வந்தவர்களுக்கு, நேரத்துக்குப் போய்ச் சேர்வது கூடுதல் பலம்.

ஆனால் டிக்கெட் விலையைப் பார்க்காமல் இருக்க முடியாது. மெட்ரோவில் 5 முதல் 12 கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதற்கு மேல் 21 வரை 40. சென்ட்ரலுக்கு 30 என்றே வைத்துக்கொள்வோம். போக வர 60. மாதம் 26 நாளுக்கு 1,560. கார்டுக்கோ க்யூஆருக்கோ தரும் 20 சதவீதத் தள்ளுபடி போனாலும் 1,250க்குப் பக்கம் நிற்கிறது. எண்ணூரிலிருந்து லோக்கல் வண்டியில் சென்ட்ரலுக்கு 5 ரூபாய்; தினம் டிக்கெட் எடுத்தாலும் மாதம் 260. சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் குறையும். ஒப்பந்தக் கூலிக்குப் போகும் வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போனால், இந்த வித்தியாசத்தில் மாத அரிசியும் கேஸ் சிலிண்டரும் அடங்கிவிடும்.

நெருக்கடி நேரத்தில் வண்ணாரப்பேட்டை – ஆலந்தூர் இடையே 3 நிமிடத்துக்கு ஒரு மெட்ரோ, வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே 6 நிமிடத்துக்கு ஒன்று என்பதுதான் ஏற்பாடு. 6 நிமிடம் காத்திருப்பது பெரிய கஷ்டம் இல்லை. ஆனாலும் பாதி வண்டிகள் நம் எல்லைக்கு முன்பே திரும்பிப் போவதை விம்கோ நகர்க்காரர் மனசு கவனிக்கத்தான் செய்யும்.

என் அம்மா முட்டி தேய்கிற வரை மீன் விற்றவர். விடியுமுன்னே கத்திவாக்கத்தில் பீச் வண்டியைப் பிடித்து, காசிமேட்டில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையைத் தலையில் வைத்துத் திரும்பி வருவார். கூடையில் தண்ணீர் சொட்டும். வண்டியில் கூடைக்காரிகளுக்கென்று ஒரு மூலை இருந்தது. முகம் சுளிப்பவர்கள் அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்கள். அந்தக் கூடையோடு மெட்ரோ நிலையத்துச் சோதனை வாசலைத் தாண்டுவது நடக்காத காரியம். எண்ணூருக்கு மெட்ரோ வந்தாலும் அம்மாவைப் போன்றவர்கள் அதில் ஏறப்போவதில்லை. திட்ட அறிக்கையில் 'பயணிகள்' என்று எண்ணும்போது இவர்களும் கணக்கில் வருகிறார்களா என்று கேட்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டி லோக்கல்

இந்தப் பாதையின் கஷ்டம் எல்லோருக்கும் தெரியும். காலையில் கால் வைக்க இடம் இருக்காது. நடுப்பகலில் பராமரிப்புக்காக லைனை மூடினால் ஒரு மணி நேரம் வண்டியே வராது. எக்ஸ்பிரசுக்கு வழிவிட அத்திப்பட்டிலோ மீஞ்சூரிலோ நிறுத்திவிடுவார்கள். கம்பெனியில் கேட்டைச் சாத்திவிட்டால் அன்றைய பாதிச் சம்பளம் போச்சு.

காரணம் ஓட்டுநரும் இல்லை, நிலைய அதிகாரியும் இல்லை. பாதைதான். இது டெல்லிக்கும் ஹவுராவுக்கும் போகும் முதன்மைப் பாதை. கொருக்குப்பேட்டையிலிருந்து அத்திப்பட்டு வரை கூடுதல் பாதைகள் போட்டாயிற்று. அத்திப்பட்டுக்கு வடக்கே கும்மிடிப்பூண்டி வரை சுமார் 25 கிலோமீட்டருக்கு இரண்டே பாதை. அதற்குள் ராஜதானி, கரி வண்டி, கண்டெய்னர் வண்டி, நம் லோக்கல் எல்லாம் நுழைய வேண்டும். நாலு லைன் இரண்டாகச் சுருங்கும் இடத்தில், காத்து நிற்பது எப்போதும் 5 ரூபாய் டிக்கெட்டுக்காரர்தான். 2024 அக்டோபரில் கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் கிளைப் பாதைக்குள் போய் நின்றிருந்த சரக்கு வண்டி மேல் மோதியதே, அதுவும் இதே 25 கிலோமீட்டருக்குள்தான். அந்த விபத்துக்குப் பாதைப் பற்றாக்குறை காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு வண்டி குறுக்கே நின்றால் ஊரே ஸ்தம்பிக்கும் என்பதை அன்றைக்குப் பார்த்தோம். மாற்றுப் பாதை கிடையாது.

செலவுக்கு வருவோம். பீச் – எழும்பூர் நான்காவது பாதை 4.3 கிலோமீட்டருக்கு 274 கோடி ஆனது. நகரத்தின் நெஞ்சில், கோட்டைக்கும் கூவத்துக்கும் இடையில் நெருக்கிப் போட்ட பாதை அது. கிலோமீட்டருக்குச் சுமார் 64 கோடி. பொன்னேரி வயல்வெளியில் இவ்வளவு ஆகாது. ஆனாலும் அதே விலை என்று வைத்து, 25 கிலோமீட்டருக்கு இரண்டு பாதை கணக்கிட்டால் 3,200 கோடி. இரண்டாம் கட்ட விலையில் 6 கிலோமீட்டர் மெட்ரோவுக்கு ஆகிற அதே பணம். ஒரு பக்கம் எண்ணூரில் முடிகிற மெட்ரோ. இன்னொரு பக்கம் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி தாண்டி கும்மிடிப்பூண்டி வரை தனிப் பாதையில் லோக்கல். உண்மையில் இரண்டாவதற்கு இதைவிட மிகக் குறைவாகத்தான் செலவாகும்.

இன்னொன்று, மெட்ரோ ஆட்களை நகரத்துக்குள் கொண்டுபோகிறது. லோக்கல் இரண்டு பக்கமும் கொண்டுபோகிறது. தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பிள்ளைகள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டுக்குப் போவது இந்த வண்டியில். பொன்னேரிப் பெண்கள் ஸ்டான்லி மருத்துவமனைக்கு வருவது இந்த வண்டியில்.

லோக்கல் பக்கம் நிற்கிறேன் என்பதற்காக அதன் குறையை மறைக்க மாட்டேன். வண்டி கூடினால் ரயில்வே கேட்டும் கூடுதல் நேரம் மூடியிருக்கும். கொருக்குப்பேட்டை மணலி சாலை கேட்டில் ஆம்புலன்ஸ் நிற்பதைப் பார்த்தவர்கள், வண்டியைக் கூட்டு என்று சொல்லத் தயங்குவார்கள். கணேசபுரம் சுரங்கப்பாதை ஒவ்வொரு மழையிலும் குளமாகி, வியாசர்பாடியைப் புளியந்தோப்பிலிருந்து வெட்டிவிடும். மேம்பாலம், தண்டவாளம் தாண்ட நடைமேம்பாலம், நிலையத்தில் விளக்கு, பெண்கள் கழிப்பறை இவையெல்லாம் பாதைச் செலவோடு சேர்த்துத்தான் கேட்க வேண்டும். பாதையை மட்டும் போட்டு இவற்றை விட்டால், தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டுகிறவர்கள் இன்னும் வேகமான வண்டிகளுக்கு முன்னால் ஓட வேண்டிவரும்.

ராயபுரம் முனையம்

இதில் உணர்ச்சி நிறைய இருக்கிறது, எனக்கும் உண்டு. இந்தியாவில் இன்றும் நிற்கிற மிகப் பழைய நிலையக் கட்டடம் அது. நான்காவது முனையமாக ஆக்கினால் சென்ட்ரல், எழும்பூர் நெரிசல் குறையும், கடைக்கும் ஆட்டோவுக்கும் பிழைப்பு வரும். ரயில்வேயோ பெரம்பூரைத்தான் நான்காம் முனையமாகப் பார்க்கிறது. ராயபுரத்து நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் முனையம் வருடத்தில் இரண்டு மூன்று முறை ஊருக்குப் போகிறவருக்கு. தினம் விடியற்காலை நாலரைக்குக் கிளம்புகிறவருக்கு அதனால் ஒன்றும் மாறாது. ஒரே முதலீட்டில் ராயபுரத்துக்கு ஏதாவது கேட்கலாம் என்றால், கும்மிடிப்பூண்டி வண்டிகளில் இன்னும் பல ராயபுரம் வழியாகப் பீச் வரை வரட்டும் என்று கேட்பேன். அதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை.

மணலியும் பஸ்ஸும்

மணலியில் சுத்திகரிப்பு ஆலை 1960களில் வந்தது. ஆலைக்குத் தண்டவாளம் வந்தது. ஆளுக்கு இன்னும் வரவில்லை. கொடுங்கையூருக்கும் அதே கதி: ஊரின் குப்பை வருகிறது, ரயில் வரவில்லை. மெட்ரோ இரண்டாம் கட்டம் மாதவரம், மூலக்கடை, பெரம்பூர், அயனாவரம் வழியாகப் போகிறது. அந்தப் பக்கத்து மக்களுக்கு அது பெரிய விடிவு, மனதார வரவேற்கிறேன். ஆனால் மணலியும் கடற்கரை ஓரமும் அதிலும் இல்லை. அடுத்து பேசப்படும் நீட்டிப்புகளோ விமான நிலையம் – கிளாம்பாக்கம், கோயம்பேடு – பட்டாபிராம், பூந்தமல்லி – பரந்தூர். எல்லாம் தெற்கும் மேற்கும்.

மணலிக்கு ரயில் வரும் வரை பஸ்தான் கதி. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் காசில்லாப் பயணம் வந்தது, வட சென்னைப் பெண்களுக்கு எந்த ரயில் திட்டமும் செய்யாததைச் செய்தது. வீட்டு வேலைக்குப் போகிற அக்காக்கள் ரயிலை விட்டு பஸ்ஸுக்கு மாறியதற்குக் காரணம் அதுதான். நேரம் அதிகம் ஆனாலும் காசு மிச்சம். ஆகவே ரயில் நிலைய வாசலுக்கே சின்ன பஸ் வர வேண்டும். மணலியிலிருந்து திருவொற்றியூர் நிலையம், கொடுங்கையூரிலிருந்து கொருக்குப்பேட்டை நிலையம். வண்டி வரும் நேரத்துக்குப் பஸ் நிற்க வேண்டும், வண்டி போன பிறகு வந்து பயனில்லை. பஸ், மெட்ரோ, லோக்கல் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் தரும் 'சென்னை ஒன்' செயலி 2025 செப்டம்பரில் வந்தது. டிக்கெட்டை ஒன்றாக்க முடிந்தவர்களால் நேரத்தையும் ஒன்றாக்க முடியும்.

ஆக, என் வரிசை இது: அத்திப்பட்டுக்கு வடக்கே 3, 4ஆம் பாதை. அதோடு சேர்த்து கேட் மேம்பாலங்களும் நடைமேம்பாலங்களும். உடனே செய்யக்கூடியது நிலையத்துக்குச் சின்ன பஸ், பீச் வரை கூடுதல் வண்டி. அதன் பிறகு எண்ணூர் மெட்ரோ, ஒப்பந்தக் கூலிக்காரர் கொடுக்க முடிகிற மாத பாஸோடு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் உர ஆலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது எண்ணூர்ப் பெரியகுப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கிடைத்த வண்டியில் ஓடினார்கள். அந்த நேரத்தில் அவர்கள் ஏற லோக்கல் வண்டி இல்லை. கடைசி வண்டியையும் முதல் வண்டியையும் எத்தனை மணிக்கு வைப்பது என்று பேசும் கூட்டத்துக்கு, பெரியகுப்பத்திலிருந்து இரண்டு பேரையாவது கூப்பிட வேண்டும்.