கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர், 350 ரூபா: ஹம் போச்சு, கூடவே தொப்பியும் போச்சு

எர்த் வழியா கரண்ட் சுத்துறதால (அதான் கிரவுண்ட் லூப்) ஸ்பீக்கர்ல வர்ற ரீங்காரத்தை, அதாவது ஹம்மை, நிறுத்துற ஒரு துக்கடா டப்பாவுக்கான ரிவ்யூ இது, ஆனா கொஞ்சம் நீளமா போகும், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க. டப்பா தீப்பெட்டியை விட கொஞ்சம் பெருசு, கறுப்பு மெட்டல் பாடி, ஒரு பக்கம் ஆடியோ வயர் சொருகுற சிவப்பு வெள்ளை ஆர்சிஏ சாக்கெட், இன்னொரு பக்கம் அதே மாதிரி ஒரு ஜோடி. கரண்டும் வேணாம், பேட்டரியும் வேணாம், நடுவுல சொருகினா வேலை முடிஞ்சது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல 450 சொன்னாங்க, பேசி 350க்கு வாங்கினேன். பிராண்டுன்னு எதுவும் கிடையாது, மேல ஒரு ஸ்டிக்கர் இருந்துச்சு, அதுவும் ரெண்டாம் நாளே உரிஞ்சு வந்துடுச்சு.

வாங்கினதுக்கு காரணம் ராத்திரி. பகல்ல தெரு சத்தம், மிக்சி, பக்கத்து வீட்டு சீரியல் இதுக்கு நடுவுல ஒண்ணும் தெரியாது. பத்து மணிக்கு மேல எல்லாம் அடங்கினதும் பாட்டு போடாமலே ஸ்பீக்கர்ல இருந்து "ங்ங்ம்ம்ம்"னு ஒரு சத்தம். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதோட இரட்டிப்பு 100 ஹெர்ட்ஸ், பெரும்பாலும் நமக்கு கேக்குறது இந்த ரெண்டும் கலந்த சத்தம்தான். 100 ஹெர்ட்ஸ்னா கிட்டத்தட்ட அஞ்சு கட்டை சுருதி, ஒரு நூல் மேல நிக்கும், அதனால அஞ்சு கட்டையில பாடுறவங்க கச்சேரி போட்டா சுருதி சேராத ஒரு தம்புரா எப்பவும் பின்னாடி உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும், சங்கீதம் தெரியாதவனுக்கே எரிச்சல் வரும். இதுல கம்ப்யூட்டர் மௌஸை நகர்த்தினா "கிர்ர் கிர்ர்"னு தனியா ஒண்ணு. என் வீட்டம்மா "என்னங்க, உள்ள வண்டு ஏதாச்சும் மாட்டிக்கிச்சா"ன்னு நிஜமாவே கேட்டாங்க.

செட்டப் பெருசா ஒண்ணும் இல்ல. செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர், மூணு பின் பிளக். ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்ல இருந்து ஆர்சிஏ வயர் நேரா ஆம்புக்கு. அதே கம்ப்யூட்டர்ல இருந்து ஒரு எச்டிஎம்ஐ டிவிக்கு, டிவியில செட் டாப் பாக்ஸ், செட் டாப் பாக்ஸ்ல மொட்டை மாடியில இருந்து இறங்கி வர்ற கேபிள். அப்புறம் ஒரு டர்ன்டேபிள், அதான் இசைத்தட்டு ஓட்டுறது, அது கதை தனி.

டப்பாவை கம்ப்யூட்டருக்கும் ஆம்புக்கும் நடுவுல சொருகினேன். சொருகின அந்த நொடி சத்தம் கப்சிப். பொய் சொல்லல, ஆம்ப் ஆன்ல இருக்கான்னு லைட்டை எட்டி பாத்தேன். மௌஸை இழுத்து இழுத்து பாக்குறேன், ஒண்ணும் இல்ல. 350 ரூபாய்க்கு இப்படியான்னு அன்னைக்கே அஞ்சு ஸ்டார் போட்டு எழுதியிருப்பேன், நல்லவேளை எழுதல.

அடுத்த நாள் காலையில ஒரு தனி ஆவர்த்தனம் போட்டேன். மிருதங்கத்துல வலந்தலை, அதான் வலது பக்கம், எல்லாம் டங்கு டங்குன்னு தெளிவா இருக்கு, ஆனா தொப்பி, அதாவது இடது பக்கம், கும்கி குடுக்கும்போது உள்ள இறங்கி வயித்துல ஒரு அதிர்வு வருமே, அது வரல. ஏதோ தகர டப்பாவுல தட்டின மாதிரி "தொப்"னு நின்னுடுது. முதல்ல மனப்பிரமைன்னு நெனச்சேன், டப்பாவை கழட்டிட்டு நேரா போட்டு கேட்டேன், கும்கி வந்துடுச்சு, ஹம்மும் வந்துடுச்சு. திரும்ப சொருகினேன், ரெண்டும் போச்சு. இப்படியே ஒரு மணி நேரம் விளையாடிட்டு இருந்ததுல ஆபீஸ் லேட்.

அப்புறம் ஞாயித்துக்கிழமை நாலு ஸ்க்ரூவை கழட்டி உள்ள பாத்தேன். உள்ள என்ன இருக்கும்னு நெனக்கிறீங்க? மஞ்சள் டேப் சுத்தின ரெண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர், சுண்டு விரல் நுனி சைஸ், லெஃப்டுக்கு ஒண்ணு ரைட்டுக்கு ஒண்ணு. அவ்வளவுதான் மொத்த டெக்னாலஜி. இந்தப்பக்க சுருளுக்கும் அந்தப்பக்க சுருளுக்கும் வயர் தொடர்பே இல்ல, காந்தம் மூலமா பாட்டு மட்டும் தாண்டிப் போகும், எர்த் வழியா சுத்துற கரண்ட் தாண்ட முடியாது, அதான் ஹம் நிக்குது. ஆனா தாழ்வான சத்தத்தை சேதாரம் இல்லாம தாண்டி விட இரும்பு கோர் பெருசா வேணும், இந்த சைஸ் கோர்ல லெவல் கொஞ்சம் ஏறினாலே அது நிரம்பிப் போய் பேஸ் மழுங்கிடும். நல்ல ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் போட்ட ஐசோலேட்டர்லாம் ஆயிரக்கணக்குல விலை, ஏன் அவ்வளவுன்னு அன்னைக்குதான் புரிஞ்சது.

இதுக்கு ஒரு ஒட்டு வேலை இருக்கு. கம்ப்யூட்டர்ல வால்யூமை பாதியா குறைச்சு, ஆம்ப்ல ஏத்தி வெச்சா கோருக்கு போற சுமை குறையும், பேஸ் ஓரளவு திரும்பும். எனக்கு முக்கால்வாசி திரும்புச்சு. சினிமா பாட்டு, யூடியூப், நியூஸ் கேக்குறவங்களுக்கு இதுவே தாராளம். தவில், மிருதங்கம், ராத்திரி சவுண்டா சண்டைப்படம்னு இருக்கிறவங்களுக்கு பத்தாது.

இப்ப இந்த டப்பா எங்கெல்லாம் வேலை செய்யாதுன்னு சொல்றேன், ஏன்னா இதுலதான் எல்லாரும் காசை விடுறாங்க. டர்ன்டேபிள்ல இருந்தும் ஹம் வந்துச்சு, சரி அங்கயும் போடுவோம்னு டர்ன்டேபிளுக்கும் ஆம்ப்ல அதுக்குன்னே இருக்கிற ஃபோனோ இன்புட்டுக்கும் நடுவுல சொருகினேன், ஹம் இன்னும் ஜாஸ்தி, பாட்டு மெலிஞ்சு போச்சு. காரணம் சிம்பிள். கம்ப்யூட்டர், சிடி பிளேயர் எல்லாம் தர்றது ஒண்ணு ரெண்டு வோல்ட் அளவு, ஊசி தர்றது வெறும் 5 மில்லிவோல்ட் கிட்ட, அதை ஃபோனோ ஸ்டேஜ் பல மடங்கு ஏத்தும், அதுலயும் பேஸை தனியா தூக்கிவிடும், 50 ஹெர்ட்ஸ் அந்த தூக்கிவிடுற ஏரியாவுலதான் உக்காந்திருக்கு. அவ்வளவு சன்னமான சிக்னல் போற வழியில இந்த குட்டி டிரான்ஸ்ஃபார்மரை வெச்சா பக்கத்துல இருக்கிற ஆம்போட காந்தத்தை எல்லாம் அதுவே ஆன்டெனா மாதிரி இழுத்துக்குது. கடைசியில பாத்தா டர்ன்டேபிள்ல இருந்து ஆர்சிஏ கூட ஒரு மெல்லிசு தனி வயர் வருமே, ஆம்புக்கு பின்னாடி ஒரு ஸ்க்ரூவுல மாட்டுறது, அதோட நுனி லூஸாகி வெளிய தொங்கிட்டு இருந்துச்சு. முறுக்கினேன், சத்தம் நின்னுடுச்சு. செலவு பூஜ்யம். ஒரு வருஷமா அதை கவனிக்காத எனக்கு யாராச்சும் ஒரு கொட்டு வெச்சிருக்கணும்.

ஃபேன் ரெகுலேட்டர் சத்தத்துக்கும் இந்த டப்பா உதவாது. இது "ங்ம்ம்" இல்ல, "ஜ்ஜ்ர்ர்"னு கரகரன்னு இருக்கும். ஃபேனை ஃபுல்லுல வெச்சா இருக்காது, நடு ஸ்பீடுல வெச்சா உச்சத்துல இருக்கும். கரண்டை துண்டு துண்டா வெட்டி ஸ்பீடு குறைக்கிற டைப் ரெகுலேட்டர், அதாவது குமிழ் வழவழன்னு சுத்துமே அந்த டைப் இருந்தா இப்படித்தான். டக் டக்னு நிக்கிற ஸ்டெப் டைப், உள்ள கெபாசிட்டர் வெச்சது, அதை மாத்தினேன், கரகரப்பு காணாம போச்சு. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல ஓடும்போது வர்ற இரைச்சலும் இதே ஜாதிதான், கரண்ட் வந்ததும் போயிடும், அதுக்கு டப்பாவை குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

இன்னொண்ணு, வாங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு டெஸ்ட் பண்ணிடுங்க. ஆம்ப் வால்யூமை சுத்தமா ஜீரோவுக்கு கொண்டு வாங்க. அப்பவும் அதே ஹம் அதே அளவு இருந்தா கோளாறு ஆம்புக்குள்ள, பழைய ஆம்பா இருந்தா பவர் சப்ளை கெபாசிட்டர் காய்ஞ்சிருக்கும், மெக்கானிக்கிட்ட கொண்டு போகணும், இந்த டப்பா வாங்கி தண்டம். வால்யூம் கூட சேந்து ஹம்மும் ஏறி இறங்கினா வெளிய இருந்து வருது, அப்ப வாங்குறதுல அர்த்தம் இருக்கு.

கடையில நடந்த ஒரு விஷயத்தை சொல்லியே ஆகணும். டப்பா வாங்கின கடை இல்ல, அதுக்கு முன்னாடி ஏறி இறங்கின வேற ஒரு கடை, பேர் வேணாம். பிரச்சினையை சொன்னதும் அங்க இருந்தவர் "அட இதுக்கு எதுக்கு சார் செலவு, ஆம்ப் பிளக்ல மேல இருக்கிற தடியான எர்த் பின்னை கழட்டி விட்டுடுங்க, சத்தம் நின்னுடும்"னார். நிக்கும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்த மேல் பின் மத்த ரெண்டை விட நீளமா, தடியா இருக்கிறதே பிளக்கை சொருகும்போது மொதல்ல அது தொடணும், புடுங்கும்போது கடைசியா அது விடணும்னுதான். உள்ள ஒரு வயர் உரசி மெட்டல் பாடிக்கு 230 வோல்ட் வந்துச்சுன்னா அதை வாங்கிட்டுப் போறது அந்த பின் ஒண்ணுதான். என் பையனுக்கு நாலு வயசு, ஆம்ப் வால்யூம் குமிழ் அவன் உயரத்துக்கு சரியா இருக்கு. யாராச்சும் உங்ககிட்டயும் இந்த ஐடியா குடுத்தா கும்பிடு போட்டுட்டு கடையை விட்டு இறங்கிடுங்க.

சரி, ஹம் எங்க இருந்துதான் வந்துச்சு? டப்பாவை கழட்டிட்டு ஒரு சனிக்கிழமை ஒவ்வொண்ணா புடுங்க ஆரம்பிச்சேன். பிரிண்டர், இல்ல. மோடம், இல்ல. டிவி பிளக்கையே புடுங்கினேன், அப்பவும் இருக்கு. செட் டாப் பாக்ஸ் பின்னாடி திருகி இருந்த கேபிளை கழட்டினேன், ஸ்விட்சை அணைச்ச மாதிரி நின்னுச்சு. கரண்டே இல்லாத ஒரு டிவி கேபிள்! அந்த கேபிளோட வெளி உறை மாடி வழியா போய் வேற எங்கயோ எர்த் ஆகுது, ஆம்ப் எங்க பில்டிங் எர்த்ல இருக்கு, ரெண்டு எர்த்துக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் செட் டாப் பாக்ஸ், டிவி, எச்டிஎம்ஐ, கம்ப்யூட்டர், ஆர்சிஏ வயர்னு டூர் அடிச்சுட்டு ஆம்புக்குள்ள பாட்டு கேக்க வருது. கேபிள்காரர்கிட்ட போன் பண்ணி சொன்னேன், "படம் வருதுல்ல சார்?"னு கேட்டார். வருதுன்னேன். அதோட பேச்சு முடிஞ்சது.

எலக்ட்ரீஷியன் அண்ணனை கூப்பிட்டேன். அவர் மீட்டரை சுவர் சாக்கெட்ல வெச்சு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல பாத்தார், 11 வோல்ட். "ரெண்டு மூணுக்குள்ள இருக்கணும் தம்பி, எர்த் குழி எங்க?"ன்னார். எனக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது, வாடகை வீடு. ஓனர் சாரை கேட்டா அவருக்கும் ஞாபகம் இல்ல, கடைசியில பார்க்கிங் மூலையில ஒரு பழைய ஸ்கூட்டருக்கு அடியில சின்ன சிமெண்ட் மூடி. தெறந்தா பைப் தலை தெரியுது, சுத்தி மண் பாளம் பாளமா வெடிச்சு கிடக்கு. கரியும் உப்பும் அடுக்கி போட்ட பழைய டைப் குழி, ஈரம் இருந்தாதான் அது எர்த், காய்ஞ்சா வெறும் பள்ளம். அண்ணன் உப்பு கரைச்சு நாலு பக்கெட் தண்ணி ஊத்தினார், பைப்ல துரு ஏறின போல்ட்டை சுரண்டி திரும்ப முறுக்கினார். மேல வந்து பாத்தா 2 வோல்ட் சொச்சம். ஹம் பாதிக்கு மேல குறைஞ்சுடுச்சு. அவர் வாங்கினது 300 ரூபா, டப்பாவை விட 50 கம்மி! கோடை முழுக்க வாரம் ஒரு பக்கெட் ஊத்த சொல்லியிருக்கார், வாட்ச்மேன் அண்ணன் செடிக்கு ஊத்தும்போது அதுக்கும் ஊத்திடறார்.

மிச்சம் இருந்த ஹம்முக்கு ஆப்டிகல் வயர். டிவி பின்னாடி சதுரமா ஒரு ஓட்டை, உள்ள சிவப்பா வெளிச்சம் தெரியுமே அதுதான். அதுல இருந்து ஒரு சின்ன டாக் பாக்ஸ் (டிஜிட்டலை ஆம்புக்கு ஏத்த சிக்னலா மாத்துறது), அங்க இருந்து ஆம்ப். ரெண்டும் சேத்து 900 ரூபா ஆச்சு. கம்ப்யூட்டர்ல இருந்து ஆம்புக்கு போன வயரையே எடுத்துட்டேன், எல்லாம் டிவி வழியா போயிடுது. நடுவுல போறது வெறும் வெளிச்சம், அது மேல ஏறி எந்த எர்த்தும் வர முடியாது. இப்ப ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்பீக்கர்ல காதை ஒட்டி வெச்சா "ஸ்ஸ்"னு ஒரு மெல்லிசு மூச்சு மட்டும் இருக்கு, கும்கி வயித்துல அதிருது.

அப்ப டப்பாவுக்கு எத்தனை ஸ்டார்? அஞ்சுக்கு மூணு. சொருகினா ஹம் நிக்குதுன்னா அது கிரவுண்ட் லூப், நிக்கலன்னா வேற வியாதி, இந்த ஒரு பதிலுக்கே 350 ஓகே. நிரந்தரமா வெச்சுக்கிறதுன்னா பேஸ் போறதுக்கு மனசை தயார் பண்ணிக்கணும். சாக்கெட் பிடிப்பு சுமார், ரைட் சைடு ரெண்டு தடவை தொட்டதும் விட்டு விட்டு வந்துச்சு, அதுக்கு ஒரு ஸ்டார் கட்.

இப்ப அது என்கிட்ட இல்ல, மச்சான் கார்ல இருக்கு. போனை சார்ஜர்ல போட்டு ஆக்ஸ்ல பாட்டு கேட்டா ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க "கீய்ய்ங்"னு கூடவே ஏறும் அவன் வண்டியில, கன்வெர்ட்டர் பின் போட்டு இதை மாட்டினதும் நின்னுடுச்சு. ரெண்டு நாள்ல தர்றேன்னு வாங்கிட்டு போனான், பொங்கலும் வந்துட்டு போயிடுச்சு.